எத்தியோப்பியக் காபித் தோட்டங்களுக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் காபி வறுக்கும் தொழில் செய்கிறேன். அறுவடைக் காலத்தில் எத்தியோப்பியாவின் தென்மலைகளுக்குச் சென்று, அந்த ஆண்டுக்கான காபியைச் சுவைத்துத் தேர்ந்தெடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. தொழிலில் உடன் இருப்போர், புதிதாகக் கடை திறந்தோர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எனப் பலரும் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் யிர்காசெஃபே, சிதாமா ஆகிய தென்பகுதிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

சிக்கமகளூரும் குடகும் பக்கத்திலேயே இருக்கும்போது, காபித் தோட்டம் பார்க்க எத்தியோப்பியா வரை எதற்குப் போக வேண்டும்?

தோட்டம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் போக வேண்டியதில்லை. நிழல் மரங்களின் அடியில் காபி, பழம் பறிப்பு, பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் இயந்திரம், உலர்களம் எல்லாவற்றையும் ஏற்காட்டிலேயே பார்த்துவிடலாம். தொழிலுக்குப் புதியவர்கள் முதலில் நம் மலைகளில் ஒரு அறுவடைப் பருவத்தையாவது உடனிருந்து பார்ப்பது நல்லது. இங்கே பழகிய கண்ணுக்குத்தான் அங்கே என்ன வேறுபடுகிறது என்பது தெரியும்.

எத்தியோப்பியாவுக்குப் போவதற்கான காரணம் வேறு. அராபிகா காபி மனிதர் நடாமலேயே வளர்ந்து வந்த காடுகள் அந்நாட்டின் தென்மேற்கில், காஃபா வட்டாரத்தில் இன்றும் உள்ளன. காஃபா, யாயு ஆகிய இரண்டு காட்டுப் பகுதிகளையும் யுனெஸ்கோ 2010இல் உயிர்க்கோளக் காப்பகங்களாக ஏற்றது. உலகின் பிற நாடுகளில் பயிராகும் அராபிகாவில் பெரும்பகுதி, ஏமன் வழியாக வெளியே சென்ற மிகச் சில செடிகளின் வழிவந்தது. எத்தியோப்பியாவிலோ அந்த மரபு வளம் அப்படியே விரிந்து கிடக்கிறது. யிர்காசெஃபே காபியில் வரும் மல்லிகை மணமும் எலுமிச்சைத் தோலின் வாசனையும் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் மண்ணின் பங்கு எவ்வளவு, கைவேலையின் பங்கு எவ்வளவு என்ற கேள்விகளோடு போகிறவருக்கு இந்தப் பயணம் வீண்போகாது.

நான் வைத்திருப்பது சிறிய வறுவல் கடை. மாதம் சில மூட்டைதான் ஓடுகிறது. எனக்கெல்லாம் இது தேவையா?

எத்தியோப்பியக் காபி 60 கிலோ மூட்டைகளில் வருகிறது. இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றில் ஏறக்குறைய 320 மூட்டைகள் ஏற்றுவது வழக்கம். அந்த அளவைத் தனியாக வாங்க முடியாதவர், ஒரு இறக்குமதியாளருடனோ, நான்கைந்து வறுவல்காரர்களோடு சேர்ந்தோ போவதே பொருந்தும். தனியாகப் போய்ப் பத்து மூட்டை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதை ஏற்றி அனுப்ப வழியிருக்காது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் போவது அங்குள்ளவர்களுக்கு ஆண்டிலேயே மூச்சுவிட நேரமில்லாத வாரங்களில். உங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்து, மொழிபெயர்ப்பாளரை அழைத்து, காபிப் பழத்தைப் பதப்படுத்தும் நிலையத்தின் மேலாளர் அரை நாளை உங்களுக்காக ஒதுக்குகிறார். வாங்கும் எண்ணமோ, தொழில் தொடர்பான தெளிவான ஒரு கேள்வியோ இல்லாமல் போவது அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதாகும். இரண்டில் ஒன்று உங்களிடம் இருந்தால், கடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போகலாம்.

எந்த மாதம் போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்?

தெற்கில் பழம் பறிப்பு பொதுவாக அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். தாழ்வான இடங்களில் முதலில் பழுக்கும், 2,000 மீட்டரைத் தாண்டிய இடங்களில் கடைசியாகப் பழுக்கும். நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் வரையிலான காலத்தில் போனால், பழம் வந்து இறங்குவது, தோல் நீக்குவது, நொதித்தல், உலர்த்தல் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

சுவைத்துத் தேர்ந்தெடுப்பதே முதன்மை நோக்கம் என்றால் ஜனவரி பிற்பகுதியோ பிப்ரவரியோ மேல். அப்போது பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கும், ஆனால் மாதிரிகள் தயாராக இருக்கும். ஜனவரி 7 எத்தியோப்பியக் கிறிஸ்துமஸ், ஜனவரி 19ஐ ஒட்டி திம்கெத் திருவிழா. இந்த நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும், நெடுஞ்சாலைகளில் ஊர்வலங்கள் போகும், சந்திப்புகள் நடக்காது.

யாரிடம் சொல்லி ஏற்பாடு செய்வது? நேராக ஊருக்குப் போய் இறங்கிவிடலாமா?

இறங்கலாம், ஆனால் ஒரு மூடிய வாயிற்கதவைத்தான் பார்ப்பீர்கள். காபி நிலையங்கள் எல்லாம் தனியார் நிறுவனங்களுடையவை அல்லது கூட்டுறவுச் சங்கங்களுடையவை. யிர்காசெஃபே, சிதாமா, ஒரோமியா ஆகிய மூன்று பகுதிகளிலும் அடிநிலைச் சங்கங்களை ஒன்றுசேர்த்த கூட்டுறவு ஒன்றியங்கள் இருக்கின்றன. இவற்றின் தலைமை அலுவலகத்திலோ, ஏற்றுமதியாளரிடமோ முன்கூட்டியே எழுதி, நாள் குறித்துக்கொண்டு போவதுதான் முறை. எழுதும்போது நீங்கள் யார், ஆண்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், எந்த நிலையத்தை ஏன் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "அழகான தோட்டங்களைக் காட்டுங்கள்" என்று எழுதினால் சுற்றுலாவுக்கு ஏற்ற இடங்களைத்தான் காட்டுவார்கள்.

அடிஸ் அபாபாவிலிருந்து மோஜோ, ஷஷெமெனே, ஹவாசா, தில்லா வழியாக யிர்காசெஃபே போய்ச்சேர ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல் ஹவாசாவில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போவது நல்லது. ஹவாசாவுக்கு உள்நாட்டு விமானமும் உண்டு. பயணத்தின் பெருஞ்செலவு விமானச்சீட்டை அடுத்து வண்டிக்குத்தான், ஆகவே மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் செலவு நன்றாகக் குறையும்.

விசா, தடுப்பூசி எல்லாம் என்ன செய்ய வேண்டும்?

விசாவை இணையவழியிலேயே பெறலாம். பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அதற்கான சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓடுவதில் பயனில்லை. ஒருமுறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். மலேரியாவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

நன்றாகவே முடியும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் உண்பதில்லை. அதனால் "நோன்புச் சாப்பாடு" என்று கேட்டாலே பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலைமாவில் செய்த ஷிரோ எல்லாவற்றையும் ஒரு பெரிய இஞ்சேராவின் மேல் பரிமாறுவார்கள். டெஃப் தானியத்தில் செய்யும் இஞ்சேரா, ஆப்பத்தைப் போலப் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நீண்ட நோன்பு அறுவடைக் காலத்தோடு ஒத்துவருவது நமக்கு வசதி. யிர்காசெஃபே அமைந்துள்ள கெதெயோ பகுதிக்குள் போனால் என்செட் எனும், வாழையைப் போன்ற மரத்தின் தண்டிலிருந்து செய்யும் கோச்சோவையும் சாப்பிட்டுப் பாருங்கள். தலைநகருக்கு வெளியே வங்கி அட்டையை நம்ப முடியாது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

"காலை இரண்டு மணிக்குச் சந்திப்பு" என்று சொல்கிறார்கள். மூட்டையில் 2017 என்று போட்டிருக்கிறது. பழைய காபியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களா?

இல்லை, இரண்டும் சரியானவையே. எத்தியோப்பியாவில் பகல்நேரத்தை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் கடிகாரத்தில் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி, எட்டு என்பது இரண்டு. விமானமும் ஏற்றுமதி அலுவலகமும் உலக வழக்கப்படி நடக்கும், நிலையத்து மேலாளரும் ஓட்டுநரும் உள்நாட்டு வழக்கப்படி பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களே எதிர்பார்ப்பதுதான்.

அவர்களுடைய நாட்காட்டியில் பதின்மூன்று மாதங்கள். ஆண்டு செப்டம்பர் 11 அன்று பிறக்கிறது, நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால் போகிறது. அங்கே 2017 என்பது 2024 செப்டம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரையிலான காலம். ஆகவே மூட்டையிலோ, காபியைக் காயவைக்கும் மேடையில் தொங்கும் அட்டையிலோ உள்ள ஆண்டைப் பார்த்துப் பழையது என்று முடிவுகட்டிவிடாமல், எந்த நாட்காட்டி என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதே குழப்பத்தால் அறுவடை ஆண்டைப் பொட்டலத்தில் தவறாக அச்சிட்டு விற்றவர்களும் இருக்கிறார்கள்.

யிர்காசெஃபேயில் தோட்டம் எங்கே என்று தேடினேன். வீடுகள்தான் தெரிகின்றன. எஸ்டேட் எதுவும் இல்லையா?

நீங்கள் பார்த்த வீடுகளைச் சுற்றி இருப்பதுதான் தோட்டம். அங்கே பெரும்பாலானவர்கள் மிகச் சிறு நிலக்காரர்கள். வீட்டைச் சுற்றிய நிலத்தில் காபியும் என்செட்டும் கிழங்கும் காய்கறியும் கலந்து நிற்கும், மேலே வன்சா முதலிய பெரிய மரங்கள் நிழல் தரும். தலைமுறைகளாக இப்படிக் கலந்து பயிரிட்டு வரும் கெதெயோ நிலவெளியை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர் எஸ்டேட்டில் உள்ளதுபோல் வரிசையாக நட்ட சில்வர் ஓக்கும், மேஸ்திரியும், கம்பி வேலியும் இங்கே கிடையாது. மேற்கே பெருந்தோட்டங்களும் காட்டுக் காபியும் உண்டு, தெற்கின் வழக்கம் இதுதான்.

இதிலிருந்து தொழிலுக்கு முக்கியமான ஒன்று புரியும். ஒரு குடும்பத்தின் பழத்தைத் தனியாகப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வது அரிது. பொட்டலத்தில் கொச்செரே, அரிச்சா, இதிதோ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் ஒரு வட்டாரத்தின் அல்லது கிராமத்தின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து வந்த பழம் இருக்கிறது. அவை ஒன்றுசேரும் இடம் வாஷிங் ஸ்டேஷன், அதாவது பழத்தை வாங்கித் தோல் நீக்கி, கழுவி, உலர்த்தும் நிலையம். ஆகவே காபியின் தரம் எப்படி அமைகிறது என்று அறிய விரும்புகிறவர், செடிகளிடையே ஒரு மணி நேரம் நடந்தால் நிலையத்தில் இரண்டு நாள் இருக்க வேண்டும்.

சரி, வாஷிங் ஸ்டேஷனில் எதைப் பார்ப்பது? எல்லாரும் ஏதோ வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாலையில் போங்கள். பகலெல்லாம் பறித்த பழம் பிற்பகலுக்குப் பிறகே வந்து சேரும், தோல் நீக்கும் வேலை இரவு வரை நீளும். முதலில் பழம் வாங்கும் இடத்தில் நில்லுங்கள். பையிலிருந்து கொட்டிய பழத்தில் பச்சையும் அரைப்பழமும் எவ்வளவு, அவற்றை அங்கேயே பிரித்தெடுக்கிறார்களா, அப்படிப் பிரித்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்களா, எடை காட்டும் முகப்பு விற்பவரின் கண்ணுக்குத் தெரிகிறதா, அவர் கையில் சீட்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். தராசைச் சுற்றி நடப்பதை அரை மணி நேரம் கவனித்தால், அந்த நிலையத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லாமலே தெரியும். நல்ல நிலையத்தில் இந்த இடத்தில் சண்டை இருக்காது என்றில்லை, பேரம் பேசும் குரல் இருக்கும். விற்பவர்கள் வாய்திறக்காமல் வரிசையில் நிற்பதைக் கண்டால்தான் நான் கூர்ந்து பார்ப்பேன்.

அடுத்து, தோல் நீக்கிய கொட்டை நொதித்தல் தொட்டிக்குப் போகிறது. குளிரைப் பொறுத்து ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை அங்கே கிடக்கும். முடிந்ததா என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதில்லை. ஒருவர் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்க்கிறார். வழுவழுப்பு இருந்தால் திரும்பப் போட்டுவிடுவார், நறநறவென்று ஒலித்தால் மடையைத் திறக்கச் சொல்வார். அவர் கேட்கும் அந்த ஒலியை நீங்களும் கேட்டுப் பழகுங்கள், கொட்டையை உங்கள் கையிலும் தருவார்கள். பின்னர் நீண்ட வாய்க்காலில் தண்ணீரை விட்டு மரத் துடுப்புகளால் தள்ளிக் கழுவும்போது, கனமான கொட்டை அடியில் தங்கும், இலேசானது மிதந்து முன்னே போகும். தரம் பிரிப்பு இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஓடையில் நேராகக் கலக்க விடாமல் குழிகளில் தேக்கி, சில இடங்களில் வெட்டிவேர் நட்டு வடிகட்டுகிறார்கள்.

இறுதியாக உலர்மேடைகள். இடுப்பளவு உயரத்தில் வலை விரித்த மேடைகளில் ஈரக் கொட்டையைப் பரப்பி, இரு பக்கமும் பெண்கள் நின்று பூச்சி அரித்ததையும் பல்ப்பரில் வெட்டுப்பட்டதையும் கையால் பொறுக்கி எறிகிறார்கள். உச்சிவெயிலில் மேல்தோடு வெடிக்காமலிருக்கவும், இரவுப் பனியில் நனையாமலிருக்கவும் மேடைகளை மூடிவைக்க வேண்டும். கழுவிய காபி காய ஏறக்குறைய இரண்டு வாரம், பழமாகவே உலர்த்தும் காபிக்கு மூன்று வாரத்துக்கு மேல். நண்பகலில் போய், மூட வேண்டிய நேரத்தில் மேடைகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேடைக்கு மேடை தொங்கும் அட்டையில் பழம் வந்த நாளும் தரமும் எழுதியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில், நிலையத்தின் ஒழுங்கை இந்த இரண்டும் சொல்வதுபோல் வேறு எதுவும் சொல்வதில்லை.

பொட்டலங்களில் "ஹெர்லூம்" என்று போடுகிறார்களே, அது எந்த ரகம்?

அது ரகத்தின் பெயரன்று. உள்ளே பல ரகங்கள் கலந்திருக்கின்றன, பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதற்கு வாங்குபவர்கள் வைத்துக்கொண்ட பொதுப்பெயர். போனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர்கள் தெரியும். கெதெயோவில் குருமே, தெகா, வொலிஷோ என்று வழங்குகிறார்கள். குருமேயின் பழமும் இலையும் சிறியவை, வொலிஷோவுடையவை பெரியவை.

இவற்றோடு ஜிம்மா வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த 74110, 74112, 74158 போன்ற எண்ணிட்ட ரகங்களும் பரவியுள்ளன. 1971இல் காபிப் பழநோய் எத்தியோப்பியாவைத் தாக்கியபோது, நோயைத் தாங்கி நின்ற தாய்மரங்களை ஆய்வாளர்கள் காட்டிலும் தோட்டத்திலும் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணின் தொடக்கத்திலுள்ள 74 அப்படித் தேர்ந்த 1974ஆம் ஆண்டைக் குறிக்கிறது. "பழமையானது" என்று நாம் பொதுவாக விற்கும் காபியில் இந்த ஆராய்ச்சியின் உழைப்பும் கலந்திருக்கிறது. அதைச் சொல்லி விற்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

அங்கேயே சுவைத்துப் பார்த்து உடனே வாங்கிவிடலாமா?

சுவைக்கலாம், முன்பதிவும் செய்யலாம், முடிவை மட்டும் ஒத்திவையுங்கள். மேடையிலிருந்து இறங்கியவுடன் உள்ள காபியில் பச்சைப்புல் வாடை இருக்கும். மேல்தோட்டோடு ஒன்றிரண்டு மாதம் இருப்பில் கிடந்த பிறகுதான் சுவை நிலைகொள்ளும். மேலும் அங்கே மாதிரி வறுக்கும் கருவியும், தண்ணீரும், இடத்தின் உயரமும் உங்கள் ஊருக்கு வேறு.

மாதிரிகளைச் சுவைத்துப் பார்க்கும் கப்பிங் மேசையில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து கோப்பைகள் வைக்கச் சொல்லுங்கள். 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் தூள் என்ற அளவை அங்கே அனைவரும் அறிவார்கள். மேலே சொன்னபடி நூற்றுக்கணக்கான வீடுகளின் பழம் சேர்ந்த காபி என்பதால், ஐந்து கோப்பைகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பது மதிப்பெண்ணைவிட முக்கியம். நான்கு மணக்க, ஒன்று புளித்தோ பூசணம் அடித்தோ இருந்தால், உலர்மேடையில் ஏதோ தவறியிருக்கிறது. பிடித்ததைக் குறித்துவைத்து, கப்பலேற்றும் முன் எடுக்கும் மாதிரியை ஊருக்கு வரவழைத்து மறுபடி சுவைத்து, ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து, பிறகு உறுதிசெய்யுங்கள்.

இடையில் ஆளே வேண்டாம், விவசாயியிடமே நேராக வாங்கிக்கொள்கிறேன் என்றால்?

முடியாது. பழம் வாங்குவதற்கும் பதப்படுத்துவதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் உரிமம் தேவை, ஒப்பந்தங்களை எத்தியோப்பியக் காபி, தேயிலை ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலைக்குக் கீழே விற்கவும் இயலாது. நாட்டுக்குக் கடற்கரை இல்லை என்பதால் சரக்கு ஜிபூத்தி துறைமுகத்துக்குத் தரைவழியே போக வேண்டும். இத்தனையையும் ஏற்றுச் செய்பவரை இடைத்தரகர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த அமைப்பின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொண்டு போவது பேச்சுக்கு உதவும். 2008இல் எத்தியோப்பியப் பொருள் பரிவர்த்தனை மையம் தொடங்கியது. அதன்பின் கூட்டுறவு ஒன்றியங்களும் பெருந்தோட்டங்களும் தவிர்ந்த மற்றவர்களின் காபி அந்த மையத்தின் வழியே, வட்டாரமும் தரமும் பார்த்துக் கலந்து விற்கப்பட்டது. பணம் உடனே கிடைத்தது, ஆனால் எந்த நிலையத்துக் காபி என்ற அடையாளம் மறைந்துபோனது. 2017இல் விதிகள் தளர்ந்த பிறகே, நிலையத்தின் பெயரோடு தனியார் காபியை வாங்குவது பரவலாயிற்று. இன்று நீங்கள் ஒரு நிலையத்துக்குப் போய் "இந்தக் காபியே வேண்டும்" என்று கேட்க முடிவது இந்த மாற்றத்தால்தான்.

விவசாயிக்கு என்ன விலை கிடைக்கிறது என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கேட்க வேண்டும், அதற்காகவே போகிறோம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது பழம் கொண்டுவந்தவரிடம் கேட்டால், அவரால் உண்மையைச் சொல்ல முடியாது. நிலையத்துக் கணக்கரிடம் பழத்தின் இன்றைய விலை, சென்ற வாரத்து விலை, சென்ற ஆண்டு விலை என்று கேளுங்கள். பிறகு சாலையோரத்தில் பழம் வாங்கி நிலையத்துக்குக் கொண்டுவரும் செப்சாபிகள் என்ன விலை தருகிறார்கள் என்று வேறிடத்தில் கேளுங்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்துதான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். பழத்தின் விலையை ஆறால் பெருக்கினால், உங்களிடம் கேட்கும் ஏற்றுமதி விலையில் எவ்வளவு அந்த வீட்டுக்குப் போகிறது என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

கூட்டுறவாக இருந்தால், இரண்டாம் தவணை உண்டா என்று கேளுங்கள். அறுவடையின்போது ஒரு விலை கொடுத்து, ஏற்றுமதிக்குப் பிறகு ஆதாயத்திலிருந்து மறுபடி ஒரு தொகை தருவது அவர்களுடைய முறை. கொடுத்தார்களா, எப்போது கொடுத்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கும், வாங்குபவர் கேட்டால் காட்டுவார்கள். நியூயார்க் சந்தையில் 2025 பிப்ரவரியில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதுபோன்ற காலங்களில், நாள்தோறும் பழத்தின் விலை ஏறும், சங்கத்தால் போட்டிபோட முடியாமல் பழம் தனியாருக்குப் போய்விடும். அந்த ஆண்டுகளில் பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்தில் நட நான்கைந்து விதைகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வரலாமா? யாருக்குத் தெரியப் போகிறது?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எந்த விதிவிலக்கும் சொல்வதில்லை. எத்தியோப்பியாவில் 2006இல் வந்த சட்டப்படி தாவர மரபு வளத்தை அனுமதியின்றி வெளியே எடுத்துச்செல்வது குற்றம். இந்தியாவிலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இதைத் தடுக்கிறது. சட்டத்தைவிடப் பெரியது நோய். முன்பு சொன்ன காபிப் பழநோயும், செடியையே காயவைக்கும் காபி வாடல் நோயும் ஆப்பிரிக்காவைத் தாண்டவில்லை. சேர்வராயன் மலையிலோ கீழ்ப் பழனியிலோ அவை ஒருமுறை நுழைந்தால், நான்கைந்து விதை கொண்டுவந்தவருடைய தோட்டத்தோடு நிற்காது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அத்தீவின் காபியையே அழித்தது. தமிழகத்திலிருந்து போய் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வாழ்வும் அதோடு புரண்டது.

நடும் ஆசையைக் குறை சொல்லவில்லை. பாலெஹொன்னூரில் உள்ள மத்தியக் காபி ஆராய்ச்சி நிலையம் எத்தியோப்பிய மரபை முறைப்படி கொண்டுவந்து ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறது. நம் தோட்டங்களில் உள்ள செலக்ஷன் 9 ரகம், எத்தியோப்பியாவின் தஃபாரிகேலா ரகத்தையும் திமோர் கலப்பினத்தையும் சேர்த்து உருவாக்கியது. அதை வாங்கி நடுங்கள். அங்கே செடிகளிடையே நடந்த காலணியையும் கிளம்பும் முன் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டு வாருங்கள்.

படம் எடுக்கலாமா? கையில் என்ன கொண்டுபோவது?

முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். உலர்மேடையில் நிற்கும் பெண்களிடம் மேலாளர் கேட்டுச் சொல்லும் "சரி"யை அவர்களுடைய "சரி"யாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்குக் காசும் மிட்டாயும் கொடுப்பதையும் தவிருங்கள்.

கொண்டுபோக மிகச் சிறந்தது, சென்ற ஆண்டு அதே நிலையத்திலிருந்து வாங்கி நீங்கள் வறுத்த காபி. நல்ல தரக் காபி பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போய்விடுவதால், தாங்கள் பதப்படுத்திய மிக நல்ல காபியைக் குடித்தே பார்க்காதவர்கள் அங்கு பலர் இருக்கிறார்கள். ஜெபெனா என்ற மண்கூஜாவில் அவர்கள் உங்களுக்காகக் காபி போட்டால், மூன்று சுற்றுக்கும் உட்கார்ந்திருங்கள். அபோல், தோனா, பரகா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், முதல் கோப்பையோடு எழுவது முறையன்று. கோப்பையில் ஒரு பச்சைத் தழை மிதந்தால் பயப்பட வேண்டாம், நம் நாட்டு மருந்தில் உள்ள அருவதாவின் இனம்தான் அது.

போய் வந்தபின் பொட்டலத்தில் "நேரடி வர்த்தகம்", "நாங்கள் நேரில் கண்ட தோட்டம்" என்றெல்லாம் எழுதலாமா?

கண்டதை மட்டும் எழுதுங்கள். எந்த நிலையம், எந்த வட்டாரம், எந்த அறுவடை, யார் ஏற்றுமதி செய்தது, எவ்வளவு விலை கொடுத்தீர்கள் என்பன உறுதியானவை. ஒரு நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்துவிட்டு, இறக்குமதியாளரின் கிடங்கிலிருந்து வாங்கிய காபிக்கு "நேரடி" என்று போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். ஒரு விவசாயியின் படத்தைப் போட்டு, அவர் விளைவித்தது என்று தோன்றச் செய்வதும் அப்படித்தான், மேலே சொன்னபடி அது பல வீடுகளின் பழம் கலந்த காபி.

பெயரைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். சிதாமோ, ஹரார், யிர்காசெஃபே ஆகிய பெயர்களை எத்தியோப்பிய அரசு பல நாடுகளில் வணிகக் குறிகளாகப் பதிவுசெய்ய முயன்று, ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட பிணக்கை 2007இல் உடன்பாட்டில் முடித்தது. அந்தப் பெயருக்காக ஒரு நாடே வாதாடியிருக்கும்போது, வேறு வட்டாரத்துக் காபியை அந்தப் பெயரில் விற்பது எந்த வகையிலும் சரியன்று.

பாதுகாப்பாக இருக்குமா?

இடத்தையும் மாதத்தையும் பொறுத்தது. அம்ஹாராவிலும் ஒரோமியாவின் மேற்குப் பகுதிகளிலும் அண்மை ஆண்டுகளில் ஆயுத மோதல்கள் நடந்துள்ளன. தெற்கில் பெரும்பாலும் அமைதி, ஆனால் கெதெயோவை அடுத்த குஜி பகுதியின் சாலைகளைப் பற்றி ஒவ்வொரு பயணத்துக்கும் முன் புதிதாகக் கேட்டறிய வேண்டும். இந்தியத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள், உங்களை வரவேற்கும் ஏற்றுமதியாளரின் சொல்லை அதற்கும் மேலாக மதியுங்கள். அவர் "இந்த வாரம் வேண்டாம்" என்றால் வேண்டாம். இருட்டிய பின் மலைச்சாலையில் வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் செய்து, கடைசியில் இறக்குமதி வரியில் எல்லாம் போய்விடுமே?

நியாயமான கவலை. இந்தியாவில் காபிக்கான பொது இறக்குமதி வரி 100 விழுக்காடு. பின்தங்கிய நாடுகளுக்கான சலுகை உங்கள் சரக்குக்குப் பொருந்துமா என்பதையும், தாவர நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி ஆகியவற்றுக்கான நடைமுறையையும் ஒப்பந்தம் போடும் முன்பே சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு மாதிரியானாலும் பச்சைக் கொட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராமல், ஏற்றுமதியாளர் ஆவணங்களோடு அனுப்பச் செய்யுங்கள். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், எத்தியோப்பியக் காபி நம் கடைகளில் அன்றாட ஃபில்டர் காபிக்கு மாற்றாக வர முடியாது என்பது தெளிவாகும். தனியாக விற்கும் சிறப்புக் காபியாகத்தான் நிற்கும்.

போய்ச் சுவைத்துப் பார்த்தும் வாங்க முடியாமல் போனால், அவர்களிடம் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள், விரைவாகச் சொல்லுங்கள். உங்களுக்காகச் சில மூட்டைகளை ஒதுக்கிவைத்து, வேறு வாங்குபவரிடம் இல்லை என்று சொல்லிக் காத்திருக்கக்கூடும். விலை ஒத்துவரவில்லை, அளவு அதிகம், சுவையில் இந்தக் குறை என்று காரணத்தையும் எழுதுங்கள். கப்பிங் குறிப்புகளை எந்த மேடை, எந்த நாள் மாதிரி என்ற விவரத்தோடு அனுப்பினால், நிலைய மேலாளர் அடுத்த அறுவடைக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொள்வார். இப்படி எழுதியவர்களுக்கு மறு ஆண்டு மாதிரிகள் கேட்காமலே வருவதுண்டு.